அறிந்து திருத்துதலும் ஊகித்து மாற்றுதலும்

நற்பயன் விளைந்துவிட்டால் அதனை விளைவித்த செயலும் நற்செயலாகிவிடுமா என்பது ஒழுக்கவியலில் பழைய வினா. இதற்கு விடை காண முயன்றோர் பெரும்பாலும் செய்தவனின் நோக்கத்தையும் செயலின் விளைவையுமே நிறுத்துப் பார்த்தனர். நோக்கமும் விளைவும் ஒருங்கே நன்றாய் அமைந்தவிடத்து வினவுவதற்கு ஒன்றுமில்லை என்றே பலரும் கருதுவர். ஆயின் இவ்விரண்டிற்கும் இடையே அறிவு என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. நல்ல நோக்கமுடைய ஒருவன் உண்மை இன்னதென்று அறியாமலே, வெறும் ஊகத்தினால் ஒன்றைச் செய்து, அது தற்செயலாக நன்மையில் முடியுமாயின் அவன் தன் கடமையைச் செய்தவனாவானா? பிறர் தம் பொருளையோ உடலையோ நம்பிக் கையளித்துள்ள ஒருவனுக்கு, செயற்படுமுன் அறிந்துகொள்ள வேண்டும் என்ற தனிக்கடன் உண்டா? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இத்தகைய ஆராய்ச்சிகளில் மருத்துவரையும் மாலுமியையும் உதாரணமாகக் கொள்வது மரபு. ஈண்டு நாம் இன்னும் எளியதோர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையில் சீராக இயங்கும் ஒரு மோட்டார்க் கார், அக்சிலேற்றரை மிதித்து வேகமெடுக்கும்போது மட்டும் உதறுகிறது. உடையவர் அதனைக் கராஜுக்குக் கொண்டு செல்கிறார். மெய்யியற் கட்டுரையொன்றில் கராஜுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் என்றால் என்ன, அதனை எவ்வாறு அறிகிறோம், அறியாதவிடத்து யாது செய்தல் தகும் என்னும் வினாக்கள் விரிவுரை மண்டபத்திலும் பார்க்க அங்கே கூர்மையாக எழுகின்றன. அங்கு பிழையான விடைக்கு ஒருவர் பணம் செலுத்த வேண்டியிருக்கிறது. அவர் விடை சொன்னவர் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது.

உதறல் என்பது ஒரு குறி. ஒரே குறி பல காரணங்களிலிருந்து பிறக்கலாம். வேகமெடுக்கும்போது தோன்றும் உதறலுக்குரிய காரணங்களை மூன்று இடங்களில் தேடலாம். முதலாவது, எஞ்சினுள்ளே எரிதல் நிகழும் இடம். நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிந்து வலுவைத் தருகிறது. அவற்றுள் ஒன்று எரியத் தவறுமாயின், நிமிடத்துக்கு 2000 சுற்றில் இயங்கும் எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 தடவை, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 17 தடவை, வலுவில் ஓர் இடைவெளி விழும். அவ்விடைவெளியே உதறலாக உணரப்படுகிறது. இரண்டாவது, எரிபொருள் வரும் வழி. அடைபட்ட வடிகட்டியோ வலுவிழந்த பம்பியோ மெல்லிய ஓட்டத்திற்குப் போதிய பெற்றோலைத் தரும். ஏற்றத்தில் ஏறும்போது வேண்டப்படும் அளவைத் தரமாட்டாது. மூன்றாவது, எஞ்சினிலிருந்து சில்லுகளுக்கு வலு செல்லும் வழி. முற்சில்லுகளால் இயங்கும் கார்களில் அச்சுத்தண்டின் உட்புற மூட்டுத் தேய்ந்திருந்தால், சுமை ஏறும்போது வண்டி பக்கவாட்டில் உதறும். மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் அடங்கும். எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டுகள் கிழிந்திருந்தாலும், கிளச்சுத் தட்டில் எண்ணெய் படிந்திருந்தாலும், வண்டி புறப்படும் வேளையில் நடுக்கம் உண்டாகும்.

இத்தனையுள் எது குறித்த வண்டிக்கு உரியது? உதறல் எதனோடு கூடுகிறது, எதனோடு குறைகிறது என்று முதலில் நோக்குதல் வேண்டும். அது வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறி, காலை எடுத்த பின்னரும் அதே வேகத்தில் தொடருமாயின் சில்லுகளின் சமநிலையை ஐயுறலாம். கிளச்சை விடும் சில கணங்களில் மட்டும் தோன்றுமாயின் கிளச்சையும் மவுண்டுகளையும் நோக்கலாம். வேகம் எதுவாயினும், மிதியை அழுத்தும்போது தோன்றி விடும்போது மறையுமாயின், சுமையின்கீழ் வெளிப்படும் குறைகளையே ஆராய வேண்டும். ஜோன் ஸ்டுவர்ட் மில் 1843 இல் வெளியிட்ட அளவையியல் நூலில், காரணத்தைக் கண்டறிவதற்கென வகுத்த ஐந்து முறைகளுள் உடனிகழ் மாறுபாட்டு முறை என்பது இதுவேயாகும். மில்லின் பெயரைக் கேட்டிராத மெக்கானிக்கும், தொழிலில் தேர்ந்தவராயின், இம்முறையையே கையாளுகிறார்.

இவ்வழியில் வழுக்குமிடங்களும் உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து அக்சிலேற்றரை மிதித்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் சீராக ஓடுகிறது, ஆகவே தீப்பொறி தரும் பகுதியில் குற்றமில்லை என்று முடிவு செய்வோர் பலர். தீப்பொறி பாய வேண்டிய இடைவெளியில் காற்றின் அழுத்தம் கூடக் கூட அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் கூடும். நின்ற நிலையில் சிலிண்டருக்குள் புகும் காற்றுக் குறைவு. எனவே தேய்ந்த பிளக்கும் சோர்ந்த கொயிலும் அங்கு சமாளித்துவிடும். சுமையோடு வண்டி ஏறும்போதே காற்று நிறைந்து அழுத்தம் உயர, தீப்பொறி பாயத் தவறுகிறது. நியூட்ரலிற் சுமை இல்லை. ஆகவே நியூட்ரலில் உதறாமை, பிளக் நன்றாயிருக்கும் வண்டியிலும் காணப்படும். பிளக் கெட்ட வண்டியிலும் காணப்படும். இரு பக்கத்தும் ஒருங்கே செல்லும் ஏதுவினால் எதனையும் நிறுவ முடியாது. மணிமேகலையின் 29 ஆம் காதை பிரமாணங்களை விரித்து, ஏதுப்போலிகளை வகைப்படுத்தும்போது அநைகாந்திகம் எனக் கூறுவது இத்தகைய போலியையே. பழைய தருக்கம் ஏட்டுப் பயிற்சிக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

கருவிகள் வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1996 ஆம் ஆண்டு மாதிரி தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில், குறைகளைத் தாமே பதிந்து வைக்கும் பொது ஒழுங்கு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வொழுங்கின் குறியீடுகள் இன்று வேறு நாடுகளிலும் பயன்படுகின்றன. சிறியதொரு கருவியை இணைத்தால் பி 0302 என்ற குறியீடு தோன்றலாம். இரண்டாம் சிலிண்டர் எரியத் தவறுகிறது என்பது அதன் பொருள். ஏன் தவறுகிறது என்பதை அது கூறாது. பிளக், கொயில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வால்வு என்பவற்றுள் எதுவும் காரணமாகலாம். குறியீட்டைக் கண்டவுடன் கொயிலை வாங்கி வருமாறு பணிப்பவர், குறியின் பெயரைக் காரணமாகக் கொண்டவராகிறார். உரை என்னும் அளவையை ஏற்பதற்கும் அவ்வுரை எதனைச் சொல்கிறது என்று அறிந்திருத்தல் வேண்டும்.

அறிய விரும்புபவர் செய்யும் சோதனை மிக எளியது. இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதிற்கும், மூன்றாவதன் கொயிலை இரண்டாவதிற்கும் மாற்றி, வண்டியை மீண்டும் சுமையில் ஓட்டிப் பார்க்கிறார். இப்போது பி 0303 தோன்றினால், குறை கொயிலோடு சென்றுவிட்டது, கொயிலே காரணம். மீண்டும் பி 0302 தோன்றினால் கொயில் குற்றமற்றது. அடுத்துப் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ஏனைய யாவும் அவ்வாறே இருக்க, ஒன்று மட்டும் மாறும்போது விளைவும் மாறுகின்றதா என நோக்குவது வேற்றுமை முறை. இதற்குப் புதிய பாகம் எதுவும் வேண்டியதில்லை. வேண்டுவன சிறிது நேரமும், தன் ஊகம் பொய்யாகலாம் என்று ஒப்புக்கொள்ளும் மனமுமே.

இனி ஊகித்து மாற்றும் முறையை நோக்குவோம். ஒருவர் சோதனை எதுவும் செய்யாது நான்கு பிளக்குகளையும் நான்கு கொயில்களையும் பெற்றோல் வடிகட்டியையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார். உதறல் நின்றுவிடுகிறது. உடையவர் மகிழ்கிறார். வண்டி திருந்தியது உண்மை. ஆயினும் எது காரணம் என்று அவரைக் கேட்டால் விடை இல்லை. மாற்றிய ஒன்பது பாகங்களுள் எட்டு நல்ல நிலையில் இருந்திருக்கலாம். அவற்றின் விலையை உடையவர் செலுத்தியிருக்கிறார். அதாவது, திருத்தியவரின் அறியாமைக்குரிய விலையை மற்றொருவர் செலுத்தியிருக்கிறார். அதனைத் தாம் செலுத்தியதையும் அவர் அறியார்.

விளைவு நன்றாயின் அறிவு எதற்கு என்ற வினாவைப் பிளேட்டோ தம் மெனோ என்னும் உரையாடலில் எழுப்புகிறார். லாரிசா நகருக்குச் செல்லும் வழியை அறிந்தவனும் வழிகாட்டலாம். அறியாது சரியாக ஊகித்தவனும் வழிகாட்டலாம். இருவரும் ஊரைச் சென்றடைவர். அங்ஙனமாயின் அறிவு எவ்வாற்றால் உயர்ந்தது? சரியான அபிப்பிராயங்கள் நிலைத்து நிற்பதில்லை. காரணத்தை ஆராய்ந்து அதனாற் கட்டி வைக்கும்போதே அவை நம்மை விட்டு ஓடாமல் நின்று அறிவாகின்றன என்பது அங்கே சோக்கிரதீசு தரும் விடை. கராஜில் இது கண்கூடு. பிளக்கின் மீது எண்ணெய் படிந்ததனால் தீப்பொறி தவறியது என்று கொள்வோம். புதிய பிளக் இட்டவுடன் உதறல் நிற்கும். ஆனால் மேல்மூடியின் கசிந்த வாசரினூடாகப் பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்குமாயின், சில வாரங்களில் உதறல் மீளும். அவ்வாறே, அச்சுத்தண்டு மூட்டின் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, மணல் புகுந்து மூட்டுத் தேய்கிறது. உறை கிழிந்ததை உரிய காலத்திற் கண்டவருக்குச் செலவு சிறிது. மூட்டுத் தேய்ந்த பின் கண்டவருக்கு அது பெரிது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயை அறிதல், அதன் முதலை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்று முறை வகுத்து, செயலை இவற்றின் பின்னர் வைத்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இம்முறையில் நடுவிலுள்ளதை விட்டுத் தாண்டும்போதே குறி மறைந்து காரணம் தங்கிவிடுகிறது.

இதுவரை கூறியன அறிவின் பயனைக் காட்டின. அறியும் கடன் உண்டா என்பது வேறு வினா. வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1877 இல் எழுதிய, நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றிய கட்டுரையில் ஒரு கப்பலுடைமையாளனைக் காட்டுகிறார். அவனது கப்பல் பழையது. பலமுறை பழுது பார்க்கப்பட்டது. அது பயணத்துக்கு ஏற்றதோ என்ற ஐயம் அவனுக்கு உண்டாகிறது. சோதித்தாற் செலவு. எத்தனையோ பயணங்களைக் கடந்த கப்பல் இதனையும் கடக்கும் என்று தன் மனத்தைத் தேற்றி, உளமார நம்பி, மக்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. கப்பல் நலமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அவன் குற்றம் சிறிதும் குறையாது. அது வெளிப்படாமற் போகும், அவ்வளவே என்கிறார் கிளிஃபோர்ட். தன்முன் இருந்த சான்றுகளைக் கொண்டு அவ்வாறு நம்பும் உரிமை அவனுக்கு இருந்ததா என்பதே வினா. அதற்கான விடை கப்பல் புறப்பட்ட கணத்திலேயே முடிந்துவிட்டது. பின்னர் வீசிய காற்று அதனை மாற்றாது.

ஊகித்து மாற்றியவரும் இத்தகையவரே. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் கூறியதைத் தாமே நம்பியவர். ஆயினும் அவருக்கும் உடையவருக்கும் இடையே ஒரு சமமின்மை உண்டு. உடையவரால் அவர் கூற்றைச் சோதித்துப் பார்க்க இயலாது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவராயின் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் வருவாயில்லாத நாள். தம்மால் அறிய முடியாததை மற்றவர் அறிவார் என்ற எண்ணத்திலேயே அவர் சாவியைக் கையளிக்கிறார். அறிவின் பொருட்டு அளிக்கப்பட்ட நம்பிக்கையை ஏற்றுக்கொண்டு, அறிய முயலாதிருப்பது அந்நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். கடன் பிறக்குமிடம் இதுவே. தன் சொந்த வண்டியில் ஒருவன் ஊகித்து எதையும் மாற்றிப் பார்க்கலாம், இழப்பும் அவனுடையது. பிறர் செலவில் ஊகிப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை.

இக்கொள்கைக்கு எழக்கூடிய தடைகள் மூன்றினை நோக்குவோம். முற்றறிவு பெறும்வரை செயற்படலாகாது என்றால் உலகம் இயங்காது என்பது முதலாவது. மச்சிம நிகாயத்தின் 63 ஆம் சூத்திரத்தில் புத்தர் கூறும் உவமை இங்கு நினைவுக்கு வரும். நச்சம்பு தைத்தவன், எய்தவன் யார், எக்குலத்தான், வில் எத்தகையது என்பவற்றை அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் அவன் மாண்டுபோவான். உண்மையே. ஆனால் அவ்வுவமையில் துன்பத்தின் காரணம், தைத்த அம்பு, ஏற்கெனவே அறியப்பட்டுவிட்டது. அவன் கேட்பன சிகிச்சைக்கு வேண்டாதவை. எவ்வளவு அறிய வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. செய்யப்போகும் செயலை மாற்றக்கூடிய அறிவு தேடத்தக்கது, மாற்றாதது விடத்தக்கது. கொயிலைத் தயாரித்தவர் யார் என்பதை மெக்கானிக் அறிய வேண்டியதில்லை. கொயில் கெட்டதா என்பதை அறிந்தே ஆகவேண்டும். சோதனையின் செலவு மாற்றீட்டின் செலவை விஞ்சுமிடத்து, மலிவான வடிகட்டியை முதலில் மாற்றிப் பார்ப்பதும் தகும். ஆயின் இது சோதனையே என்று உடையவருக்குச் சொல்லியே அதனைச் செய்தல் வேண்டும்.

அனுபவமிக்க முதியவர் ஒருவர் வண்டியில் ஏறிச் சற்றுத் தூரம் சென்றதுமே இன்ன மூட்டுத் தேய்ந்தது என்று கூறிவிடுகிறாரே, அதுவும் ஊகந்தானே என்பது இரண்டாவது தடை. நெடுங்காலப் பயிற்சியினால் அவர் குறிகளை விரைந்து இணைக்கிறார். படிகளைச் சொல்லாலே விரிக்க இயலாதிருப்பதனால் அவை இல்லை என்றாகாது. வெற்றூகத்தினின்றும் இதனைப் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. தம் முடிவு பிழையாயின் எது அதனைக் காட்டும் என்று முன்கூட்டியே சொல்ல வல்லவர் அறிந்தவர். மூட்டுத்தான் என்றால் தண்டைக் கையாற் பிடித்து அசைக்கும்போது தளர்ச்சி தெரியும், தெரியாவிட்டால் என் சொல்லை விடு என்பார் அவர். ஊகிப்பவரோ எது நேர்ந்தாலும் அடுத்த பாகம் ஒன்றின் பெயரைச் சொல்வார்.

மூன்றாவது தடை நம் நாட்டு அனுபவத்திலிருந்தே எழுவது. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலான பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சுமையின்கீழ் எஞ்சினைத் தட்டவைக்கும். பிளக்கில் கரி படியச் செய்யும். எஞ்சின் எண்ணெயோடும் கலக்கும். வண்டி உதறாமல் இருந்தாலே வியப்பு. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மீண்டும் பூட்டுவதே அன்றைய வைத்தியம். காரணத்தை விட்டுக் குறியை மட்டும் தணித்த இவர்களும் கடன் தவறியவர்களா? இல்லை. காரணம் எரிபொருளே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், வண்டிக்காரரும் அறிந்திருந்தார். அதனை நீக்குவது அவர்கள் கையில் இருக்கவில்லை. இயலாமை வேறு, அறியாமை வேறு. நோய் முதலை அறிந்தும் நீக்க வழியற்று நோயாளியைத் தாங்கிப் பிடிப்பவனிடம் குற்றமில்லை. நீக்க வழியிருந்தும் அறிய முயலாதவனிடமே குற்றம் உண்டு. புதிய பாகம் கிடைக்காத ஊரில் ஊகித்து மாற்றும் வசதியும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். மாற்றுப் பாகம் கடையில் நிறைந்திருக்கும் காலத்திலேயே அறியாமைக்கு மறைவிடம் கிடைக்கிறது.

இவற்றினின்றும் அறியும் கடனின் உள்ளடக்கத்தை வகுத்துக் கூறலாம். விலையுயர்ந்ததை மாற்றுமுன் விலையற்ற சோதனையைச் செய்தல். தெரிந்ததைத் தெரிந்ததென்றும் ஊகத்தை ஊகமென்றும் உடையவருக்கு உரைத்தல். தெரியாதவிடத்துத் தெரியாது என்று சொல்லுதல். இவற்றுள் இறுதியானதே கடினமானது. தெரியாது என்பவரிடம் மக்கள் செல்வதில்லை. உடனே விடை சொல்பவரையே திறமையாளர் என்று நாடுகின்றனர். ஆகவே பழி முழுவதையும் மெக்கானிக்கின் மீது சுமத்துவதும் நீதியன்று. காரணத்தைக் கேளாது, எப்போது முடியும் என்று மட்டும் கேட்கும் உடையவரும் ஊகத்தை வளர்ப்பவரே. நீக்கிய பாகத்தைக் காட்டும்படியும், இதுவே காரணம் என்று எவ்வாறு அறிந்தீர் என்று விளக்கும்படியும் பணிவோடு கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நம்பிக்கைக்கு அடிப்படை தேடுவதாகவே அது அமையும்.

இது கராஜின் எல்லைக்குள் அடங்குவதொன்றன்று. ஒரு பாடத்தில் மாணவர் பலர் சித்தியடையாது போகின்றனர் என்று கொள்வோம். பாடத்திட்டம், விரிவுரை நேரம், வினாத்தாளின் அமைப்பு என யாவும் ஒரே ஆண்டில் மாற்றப்படுகின்றன. அடுத்த ஆண்டு பெறுபேறு உயர்கிறது. எல்லோரும் மகிழ்கிறோம். எது உயர்த்தியது? மாற்றியவற்றுள் பயனுள்ள எதனையேனும் தேவையின்றி இழந்தோமா? மீண்டும் வீழ்ந்தால் எங்கே தேடுவோம்? வண்டியின் உதறலேனும் சில வாரங்களில் மீண்டு வந்து ஊகித்தவரைக் காட்டிக்கொடுக்கும். சமூகத்தின் குறிகள் மீள்வதற்கு ஒரு தலைமுறையும் செல்லலாம். அதற்குள் மருந்து கொடுத்தவர் பாராட்டும் பெற்று, இருந்த இடத்தினின்றும் அகன்றிருப்பார்.

நன்மை விளைந்தது என்பதனால் மட்டும் ஒருவர் தம் கடனை நிறைவேற்றியவராகார். பிறர் செலவில் செயற்படுபவர், செயலை மாற்றக்கூடிய அளவிற்கேனும் காரணத்தைத் தேடியிருத்தல் வேண்டும். தேடியும் காணாதவிடத்து அதனை மறையாது கூறியிருத்தல் வேண்டும். அங்ஙனம் செய்தவரின் முடிவு பிழைத்துவிட்டாலும் அவர் நேர்மையாளரே. அங்ஙனம் செய்யாதவரின் வண்டி உதறாமல் ஓடினாலும், உடையவருக்கு அவர் பட்ட கடன் தீர்ந்ததாகாது.